பெக்காம் செய்த துரோகம்

தங்கமணிக்கும் கால்பந்துக்கும் எவ்வளவு தூரம் என்பது உங்களுக்கே தெரியும். கோல் விழுந்து நான் கத்தினால், யாருக்கு என்ன ஆச்சோ என்று கரண்டியோடு ஓடி வருபவள். அவள் நேற்று அம்மாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு, இங்கிலாந்துக் கால்பந்து வீரர் டேவிட் பெக்காமைப் பற்றி 2023-இல் வந்த ஆவணத் தொடரைப் பார்த்து முடித்துவிட்டாள்.

1998-இல் அர்ஜென்டினாவுடன் ஆடும்போது சிவப்பு அட்டை வாங்கி வெளியேற, ஊரே அவரைக் கரித்துக்கொட்டியதைப் பார்த்து அம்மா உச்சுக் கொட்டினாள். அதுவரை வீடு அமைதியாகத்தான் இருந்தது. அப்புறம் வந்தது அந்த அடுக்களைக் காட்சி. எல்லோரும் படுக்கப் போன பிறகு மனுஷன் தனியாகச் சுற்றி வந்து சுத்தம் செய்கிறார். மெழுகுவர்த்தித் திரியைக் கத்தரிக்கிறார், அதன் கண்ணாடியில் படிந்த கரியைத் துடைக்கிறார். காலையில் இறங்கி வந்தால் கப்பும் தட்டும் கண்ணில் படவே கூடாதாம். அலமாரியில் அந்த வாரத்துக்கான உடுப்பெல்லாம் முன்கூட்டியே வரிசையாகத் தொங்குகிறது.

தங்கமணி படத்தை நிறுத்தினாள். பின்னால் ஓட்டி மறுபடி போட்டாள். இரண்டாம் தடவை படத்தைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தாள்.

"இப்படியும் பிள்ளை பெத்திருக்காங்க" என்றாள் அம்மா. என் அம்மா!

ஓய்வு பெற்றவருக்கு ஒரு சோபா போதாதா? மயாமியில் ஓர் அணியின் உரிமையாளர்களில் ஒருவர், அதற்கு மெஸ்ஸியையே கூட்டி வந்தாயிற்று. தேனீ வேறு வளர்க்கிறார். 2022-இல் எலிசபெத் ராணிக்கு அஞ்சலி செலுத்த, ஜனங்களோடு ஜனமாக 12 மணி நேரத்துக்கு மேல் வரிசையில் நின்றார். அதற்கும் பேச்சு எனக்குத்தான்: "மருந்துக் கடையில் நாலு பேர் நின்றாலே திரும்பி வந்துடுறீங்களே!"

சரி, இந்த ஆளை நான் எதற்காகக் கொண்டாடினேன் என்றாவது தெரியட்டும் என்று, 2001-இல் கிரீஸுக்கு எதிராக 93-ஆவது நிமிடத்தில் அடித்த ஃப்ரீ கிக்கைப் போட்டுக் காட்டினேன். அந்த ஒரு அடியில் இங்கிலாந்து உலகக் கோப்பைக்குள் நுழைந்தது. பந்து எதிரணி ஆட்கள் சுவராக நின்றதைத் தாண்டி வளைந்து வலைக்குள் இறங்கும்போது எனக்கு இன்றைக்கும் புல்லரிக்கிறது.

தங்கமணி கண் கொட்டாமல் பார்த்தாள்.

"இவ்வளவு நேரம் ஓடியும் சட்டை எப்படி வெள்ளையா இருக்கு பாருங்க."