ஒரு கிரவுண்டு, நாலு வீடு

சென்னையில் தனிவீட்டை இடித்து அடுக்குமாடி கட்டும்போது எத்தனை வீடு வரும் என்பதை முடிவு செய்வது எஃப்.எஸ்.ஐ., அதாவது மனைப் பரப்பைப்போல் எத்தனை மடங்கு கட்டலாம் என்ற அளவு. 2019 கட்டட விதிகளில், உயரம் குறைந்த கட்டடங்களுக்கு அது 2. ஒரு கிரவுண்டு 2,400 சதுர அடி என்றால் 4,800 சதுர அடி கட்டலாம். 1,200 சதுர அடியில் நாலு வீடு. வீட்டுக்கு 600 சதுர அடி யு.டி.எஸ்., அதாவது பிரிபடாத நிலப் பங்கு.

சாலை அகலமாக இருந்தால் கட்டணம் கட்டி, இதற்கு மேல் கூடுதலாகக் கட்ட பிரீமியம் எஃப்.எஸ்.ஐ. வாங்கலாம். வீடு பெருகும், நிலம் பெருகாது. உங்கள் பங்குதான் சுருங்கும். எல்லாப் பத்திரங்களிலும் உள்ள யு.டி.எஸ்ஸைக் கூட்டிப் பாருங்கள். மனை அளவுக்குக் குறைந்தால், மிச்சம் இன்னும் பழைய உரிமையாளர் பெயரில்தான் நிற்கிறது. மறுகட்டுமானத்தின்போது வம்பு அங்கேதான் தொடங்கும்.

என் பெரிய வருத்தம் பக்கவாட்டுக் காலியிடம் பற்றியது. காற்றுக்கும் நீருக்கும் விட்ட இடத்தை மதில்வரை சிமென்ட் கல் பாவி அடைத்துவிடுகிறார்கள். மழைநீர்க் குழி பெயருக்கு இருக்கும். ஜல்லிக்கு மேல் வண்டல் படிந்து, மொட்டைமாடித் தண்ணீர் வழிந்து நேரே தெருவுக்கு ஓடும். செப்டம்பரிலேயே மேல்ஜல்லியை அள்ளிக் கழுவிப் போடுங்கள்.