கேம்பாயில் மிஸ்ர சாபு: ஜூன் மாத நாட்குறிப்பு

3 ஜூன் 2024, திங்கள்

தாம்பரத்தில் ரயில் ஏறி ஜன்னலோரம் இடம் கிடைத்துவிட்டால் எழும்பூர் வரை எனக்கு ஏறக்குறைய நாற்பது நிமிடம், அது முழுக்க இப்போது கேம்பாய் என்ற கையடக்க வீடியோ கேம் பெட்டிக்குத்தான். மாமா சிங்கப்பூரிலிருந்து வரும்போது வாங்கிவந்த பழைய சாம்பல் நிறப் பெட்டி, 1989-இல் வெளிவந்த அதே முதல் மாடல், நான்கு பென்சில் பேட்டரி போட வேண்டும். திரைக்குப் பின்னால் விளக்கு கிடையாது, அதனால்தான் ஜன்னலோரம்.

விளையாட்டு எதுவும் இல்லை. உள்ளே இருப்பது ஸ்வீடன்காரர் யோஹான் கோட்லின்ஸ்கி எழுதிய லிட்டில் சவுண்ட் டிஜே என்ற இசை மென்பொருள், சுருக்கமாக எல்எஸ்டிஜே. இந்தக் கேசட்டைப் போட்டால் கேம்பாய் ஒரு சீக்வென்சர், அதாவது நாம் வரிசையாக எழுதிவைக்கும் ஒலிகளை வாசிக்கும் கருவி, ஆகிவிடுகிறது. மொத்தம் நான்கே குரல்: இரண்டு சதுர அலை, நாமே வடிவம் வரையக்கூடிய ஓர் அலை, இரைச்சலுக்கு ஒன்று. அந்த வரையும் அலைக்குக் கிடைப்பது 32 புள்ளிகள், ஒவ்வொரு புள்ளிக்கும் 16 உயரம். நேற்று ராத்திரி உட்கார்ந்து புள்ளி புள்ளியாக ஏற்றி இறக்கித் தம்புரா மாதிரி ஒரு ரீங்காரம் கொண்டுவந்தேன். ப ஸ ஸ ஸ என்று வரிசையாக மீட்டவிட்டால் இயர்போனில் நிஜமாகவே மனசு அடங்குகிறது.

6 ஜூன், வியாழன்

இதில் ஒரு ஃப்ரேஸ், அதாவது ஒரு சின்னத் துண்டு, என்றால் 16 படி, படிக்கு ஓர் ஒலி. 0 முதல் 9 வரை, அப்புறம் ஏ முதல் எஃப் வரை. ஆதி தாளம் அதில் அப்படியே உட்கார்ந்துவிடும், எட்டு அட்சரம், அட்சரத்துக்கு இரண்டு படி. எனக்கு வேண்டியது மிஸ்ர சாபு தாளம், தகிட தகதிமி, ஏழு அட்சரம். இரண்டால் பெருக்கினால் 14. மிச்சம் இருக்கும் இரண்டு படியை என்ன செய்வது என்று இரண்டு நாள் முழித்தேன். வழி ஏற்கெனவே உள்ளேயே இருக்கிறது. எச் என்று ஒரு கட்டளை, அது எந்தப் படியில் இருக்கிறதோ அங்கேயே ஃப்ரேஸை முடித்துவிட்டு அடுத்ததற்குத் தாவிவிடும். ஈ என்ற படியில் அதைப் போட்டால் அதற்கு முன்னால் இருக்கும் 14 படி மட்டும் ஓடும். போட்டேன், தாளம் வந்து உட்கார்ந்தது. பல்லாவரம் தாண்டும்போது தொடையில் தட்டிக்கொண்டே வந்தேன்.

ஆனால் இரைச்சல் குரலில் எச் போட மறந்துவிட்டேன். அது 16 படிக்கே சுற்ற, மற்ற மூன்றும் 14-க்குச் சுற்ற, ஒவ்வொரு சுற்றுக்கும் இரண்டு படி விலகிக்கொண்டே போய் எல்லாம் கலைந்துவிட்டது. நிறுத்தலாம் என்று விரலை வைத்த நேரம், நான்கும் ஒரே இடத்தில் டக்கென்று சேர்ந்தன. அப்புறம் மறுபடி விலகல், மறுபடி சேர்தல். எண்ணிப் பார்த்தேன். 14 எட்டு தடவை, 16 ஏழு தடவை, இரண்டுமே 112. வேகம் நிமிடத்துக்கு 100 தட்டு, தட்டுக்கு நான்கு படி என்று இருந்ததால் ஏறக்குறைய 17 விநாடிக்கு ஒருமுறை சமத்தில், அதாவது சுற்றின் தொடக்கத்தில், சந்திக்கின்றன. தவறைத் திருத்தவில்லை, வேறு பெயரில் சேமித்து வைத்திருக்கிறேன்.

9 ஜூன், ஞாயிறு

அம்மாவுக்கு இயர்போனை மாட்டிவிட்டேன். அம்மா கல்யாணத்துக்கு முன்னால் பத்து வருஷம் பாட்டுக் கற்றவர். தாளத்தைக் கேட்டதும் கை தானாகப் போட ஆரம்பித்தது. பிறகு நான் மேல் ஸ்தாயியில் போட்டிருந்த தோடி ராகத்தின் காந்தார ஸ்வரம் வந்தது. முகம் சுருங்கியது. "என்னடா இது, காந்தாரம் ஆடாம படிக்கட்டுல குதிக்குது?"

சரியாகப் பிடித்துவிட்டார். கேம்பாயில் சதுர அலையின் சுருதி என்பது 0 முதல் 2047 வரை ஓர் எண். அந்த எண்ணை 2048-இலிருந்து கழித்து, வருவதால் 131072-ஐ வகுத்தால் ஹெர்ட்ஸ் கிடைக்கும். கீழே 220 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் எண் மாறினால் 0.4 ஹெர்ட்ஸ்தான் நகரும், காதுக்கே தெரியாது. 1760 பக்கம் போனால் 1748, அதற்கு அடுத்தது 1771, நடுவில் எதுவும் கிடையாது. அது கிட்டத்தட்ட ஓர் அரைஸ்வரத்தில் கால் பங்குத் தாவல். ரிஷபத்துக்கும் மத்தியமத்துக்கும் நடுவில் வழுக்கிப் போக வேண்டிய கமகம், அதாவது ஸ்வரத்தின் அசைவு, அங்கே துண்டு துண்டாகத்தான் ஒலிக்கும், எந்தக் கட்டளையும் உதவாது. மூன்று ஸ்தாயி கீழே இறக்கி, ஸ்வரத்துக்கு ஸ்வரம் சறுக்க வைக்கும் எல் கட்டளையால் இழுத்துவிட்டு மறுபடி கொடுத்தேன். "இது பரவாயில்லை, இதுல தோடி இருக்கு" என்றார். அம்மா வாயிலிருந்து அது பெரிய வார்த்தை.

12 ஜூன், புதன்

எல்லாம் போய்விட்டது. காலையில் சுவிட்சைப் போட்டால் வெறும் திரை. தம்புரா அலை, மிஸ்ர சாபு, தோடி, அந்த 112, எதுவும் இல்லை. இந்தக் கேசட்டில் பாட்டு நிற்பது உள்ளே இருக்கும் காசு அளவு பேட்டரியின் தயவில்தான், அது செத்தால் நினைவும் போகும். பழைய கேசட் என்று தெரிந்தே வாங்கினேன், ஆனால் பேட்டரியும் பழசு என்று விற்றவர் சொல்லவில்லை. கிண்டி வரை பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

15 ஜூன், சனி

எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெரு. காலோடு, அதாவது ஈயம் வைக்கத் தகடு ஒட்டி, வரும் பேட்டரியாகப் பார்த்து வாங்கினேன். காசு பேட்டரி மேல் நேரடியாகச் சூட்டுக்கோலை வைக்கக் கூடாது, சூடு ஏறினால் வெடிக்கலாம், காலில் மட்டும்தான் ஈயம் வைக்க வேண்டும். கூட்டல் கழித்தல் பார்த்து இரண்டு சொட்டு ஈயம், ஐந்து நிமிட வேலை. கேசட்டைக் கம்ப்யூட்டரில் சொருகிப் படிக்கும் ஒரு ரீடருக்கும் சொல்லிவைத்திருக்கிறேன், இனி வாராவாரம் நகல்.

18 ஜூன், செவ்வாய்

நினைவிலிருந்து திரும்ப எழுதுகிறேன். தம்புரா அலை அதே மாதிரி வரவில்லை, கொஞ்சம் கரகரப்பு கூடிவிட்டது, அது எனக்குப் பிடித்தும் இருக்கிறது. மிருதங்கத்தின் தொம் என்ற கனத்த அடிக்கு அலையைச் சட்டென்று கீழே சறுக்கவிட்டேன், வலந்தலை என்ற வலது பக்கத்து அடிக்கு இரைச்சலில் ஒரு சின்ன வெட்டு. எல்லாம் முடிய மூன்று நாள் ரயில் பயணம் தேவைப்படும்.

23 ஜூன், ஞாயிறு

நண்பன் தன் பாக்கெட் ஆபரேட்டரோடு வந்தான், பிஓ-12, டிரம் மெஷின். 2015-இல் ஸ்வீடனின் டீனேஜ் எஞ்சினியரிங் வெளியிட்டது. மேலே உறைகூட இல்லாமல் வெறும் சர்க்யூட் பலகை, ரிமோட்டுக்குப் போடும் ஒல்லி பேட்டரி இரண்டு. அதிலும் 16 படிதான். "ஏழுக்கு இது சரிப்படாதுடா" என்றான். எனக்கு அந்த 112 ஞாபகம் வந்தது. இரண்டையும் 100-இல் வைத்து, ஒன்று இரண்டு மூன்று சொல்லி ஒன்றாக அழுத்தினோம்.

கேபிளால் இணைக்காத இரண்டு கடிகாரம் என்பதால் முதல் இரண்டு தடவை மெல்ல நழுவிவிட்டது. மூன்றாவது தடவை பிடித்தது. அம்மா சமையலறையிலிருந்து வந்து கதவில் சாய்ந்துகொண்டு மிஸ்ர சாபு போட்டார், அவன் நாலாகத் தட்டினான், நான் சுற்றை விரல்விட்டு எண்ணினேன். ஆறு, ஏழு, எட்டு. அம்மாவின் கையும் அவன் கையும் ஒரே நேரத்தில் விழுந்தன. "இன்னொரு தடவை போடு" என்றார் அம்மா.

அடுத்து ஐந்து அட்சரக் கண்ட சாபு தாளம், தக தகிட. எச் கட்டளை ஏ படிக்குப் போகும், 10 படி. பத்து எட்டு தடவை, பதினாறு ஐந்து தடவை, 80-இல் சந்திக்கும்.