முந்திரி நிழலில் காயாம்பூ

வானூர்ப் பக்கம் எங்கள் பழைய முந்திரித் தோப்பின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் காடாக்கி வருகிறேன். மேலே வேம்பும் முந்திரியும் இருக்கின்றன. அடியில் வளர ஒரு பூக்கும் புதர்ச்செடி வேண்டியிருந்தது. அரளி, காகிதப்பூ எல்லாம் வெயில் கேட்கிற செடிகள். இந்தச் செம்மண்ணுக்கே உரியது காயா, காசாஞ்செடி என்றும் சொல்வார்கள். கீழ்ப்புத்துப்பட்டு அய்யனார் கோயில் காட்டில் திரும்பிய பக்கமெல்லாம் இதுதான்.

கோயில் காட்டில் கை வைக்க மனம் வரவில்லை. வேலியோரப் புதர் ஒன்றில் கருநீலமாகப் பழுத்திருந்ததைப் பறித்தேன். ஒரு பழத்துக்கு ஒரு விதைதான். சதையைப் பிசைந்து கழுவி, காயவிடாமல் அன்றைக்கே மணலும் இலைமட்கும் கலந்த பையில் ஊன்றிவிட வேண்டும். பத்திரமாக எடுத்து வைத்து அப்புறம் போடலாம் என்றால் முளைக்காது.

முளைத்த பிறகுதான் பொறுமைக்குச் சோதனை. நாலைந்து இலை விட்டதும் அப்படியே நிற்கும். பார்க்க வந்தவர்கள் "இது செத்துப்போச்சு, பிடுங்கிப் போடு" என்றார்கள். தடித்த, பளபளப்பான அந்த இலை வாடாதவரை கவலையில்லை. வேரைச் சுற்றிய மண்கட்டி உடையாமல் ஐப்பசி மழையில் நட்டேன். உரம் எதுவும் வைக்கவில்லை. தோப்புச் சருகைக் கூட்டாமல் அடியில் தள்ளிவிட்டதோடு சரி. முதல் இரண்டு கோடையில் மட்டும் தண்ணீர் ஊற்றினேன்.

இந்தச் சித்திரையில் பூத்துவிட்டது! இலைக்கணுவிலும், இலை உதிர்ந்த பழைய கணுவிலும் கொத்துக் கொத்தாக நீல மொட்டு, குண்டூசித் தலை அளவுதான். விரிந்தால் நான்கு இதழ், வெளியே நீட்டிக்கொண்டு எட்டு மகரந்தத் தாள், அவையும் நீலம். காயாம்பூ வண்ணன் என்று பெருமாளைப் பாடியவர்கள் சும்மா பாடவில்லை. ஆனால் இரண்டொரு நாளில் கொட்டிவிடும். ஊருக்குப் போயிருந்தால் தவறவிட்டிருப்பேன்.

கவனித்த ஒன்று: காலை வெயில் படும் ஓரத்துச் செடிகள்தான் பூத்தன. அடர்நிழலில் இருப்பவை இலையோடு செழிப்பாக நிற்கின்றன, மொட்டே இல்லை. நிழலில் பிழைக்கும், பூக்க ஒளி வேண்டும் என்று தோன்றுகிறது. அதனால் முந்திரியின் கீழ்க்கிளைகள் சிலவற்றைக் கழித்திருக்கிறேன்.

பூ போனாலும் இலைக்கும் மதிப்புண்டு. சோழமண்டலக் கரையில் சாயவேர் என்ற செடியின் வேரால் துணிக்குச் சிவப்பு ஏற்றியவர்கள் காசா இலையையும் சேர்த்தார்கள். இலையில் அலுமினியம் சேர்ந்திருப்பதால் சாயத்தைத் துணியில் பிடிக்க வைக்கும் படிகாரத்தின் வேலையை அது செய்யும். ஒரு பழைய வேட்டியில் சோதிக்க ஆசை. இத்தனை சின்னச் செடியில் இலை பறிக்கத்தான் மனமில்லை.

அடுத்த மழைக்கு இடையிடையே களாவும் காட்டெலுமிச்சையும் வைக்கப் போகிறேன். இப்போது காய் பச்சையாக இருக்கிறது. கறுத்ததும் கொண்டைக்குருவிகள் விட்டுவைத்தால் விதை எடுக்கலாம்.