தானாக ஓடிய மோட்டார்

நவம்பர் பிறந்துவிட்டால் மயூர் விஹாரில் எங்கள் மாடிக்கொடியில் உலர்த்தும் துணியில்கூடப் புகைவாடை ஏறிவிடுகிறது. பஞ்சாபிலும் ஹரியானாவிலும் நெல்தாள் எரிப்பதும் இதற்கு ஒரு காரணம் என்பது தில்லியில் அனைவருக்கும் தெரியும். அந்த நெருப்புக்கும், நிலத்தடி நீரைக் காக்க வந்த ஒரு சட்டத்துக்கும் உள்ள உறவைப் பேசுவோர்தாம் குறைவு.

2009இல் இரு மாநிலங்களும் இயற்றிய அச்சட்டத்தின் நோக்கம் நல்லதே. கடுங்கோடையில் நெல் நட்டால் இறைத்த நீர் மிகுதியாக ஆவியாகிவிடும் என்பதால், பஞ்சாபில் ஜூன் 10க்கு முன் நடவு கூடாது என்றும், மீறினால் ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் அபராதம் என்றும் விதித்தார்கள். நடவு தள்ளிப்போனதால் அறுவடையும் தள்ளிப்போய், கோதுமை விதைப்புக்குமுன் இரண்டு மூன்று வாரமே மிஞ்சியது. அறுவடை இயந்திரம் விட்டுச்சென்ற தாளை அதற்குள் அகற்றத் தீ வைப்பதே கைக்கெட்டிய வழியாயிற்று. உழவர்களைக் குற்றம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இலவச மின்சாரத்தையும் நெல்லுக்கான உறுதியான அரசுக் கொள்முதலையும் அப்படியே விட்டுவிட்டு, நடவுத் தேதியை மட்டும் மாற்றிய சட்டம் அது.

மும்முனை மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாத காலத்தில், மன்னார்குடிப் பக்கம் என் சித்தப்பா தம் போர்செட்டில் ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்தார். நள்ளிரவில் மின்சாரம் வந்ததும் மோட்டார் தானாக ஓடத் தொடங்கும். விடிந்து போய்ப் பார்த்தால், வரப்பை மீறிய தண்ணீர் வடிகாலில் சலசலத்துக்கொண்டிருக்கும். முந்தைய நாள் மாலை தூவிய யூரியாவும் அதில் கரைந்து போயிருக்கும். நீர் விரயமும் நீர் மாசும் அங்கே ஒரே உடைப்பில் வெளியேறின. அவற்றை இரு வேறு துறைகள் இரு வேறு விதிகளால் அடக்க முயல்வது எனக்கு விளங்கவில்லை. வயலைக் காயவிட்டுப் பிறகு நீர் பாய்ச்சும், 'காய்ச்சலும் பாய்ச்சலும்' என்று முன்னோர் சொன்ன முறையைக் கடைப்பிடிக்கவும், பாய்ச்சும் நேரம் உழவரின் கையில் இருக்க வேண்டுமல்லவா?

அதனால்தான் பஞ்சாப் 2018இல் தொடங்கிய 'பானி பச்சாவோ, பைசா கமாவோ' (தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி) திட்டத்தை நான் மிகவும் மதிக்கிறேன். விரும்பிச் சேர்ந்தவர்களின் மோட்டாருக்கு மீட்டர் பொருத்தி, மின்சாரத்தில் ஓர் அளவை ஒதுக்கி, அதில் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாயை உழவரின் வங்கிக் கணக்கிலேயே செலுத்தினார்கள். பகலில் மின்சாரமும் கொடுத்தார்கள். மோட்டாரை நிறுத்துவதில் உழவருக்கே ஆதாயம் வைத்த திட்டம் இது. வரப்பைத் தாண்டும் நீர் குறைந்தால் அதோடு போகும் உரமும் குறையும்.

ஆனால் மீட்டர் என்ற சொல்லே நம் தமிழ்நாட்டில் அச்சம் தருவது. மின்கட்டண உயர்வை எதிர்த்து 1970களில் நாராயணசாமி நாயுடு தலைமையில் உழவர்கள் போராடியபோது உயிர்களே பறிபோயின. ஆகவே எந்த அரசும் மீட்டருக்கு முன்பாகப் பணத்தைக் கண்ணில் காட்ட வேண்டும் என்பது என் கருத்து. தொலைபேசியில் சித்தப்பாவிடம் இதையெல்லாம் விளக்கியபோது, பொறுமையாகக் கேட்டுவிட்டு அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அந்தக் காசு குறுவை அறுப்புக்கு முன்னாடி வருமாம்மா, பின்னாடி வருமா?"