சயாமுக்குப் போனவர்களுக்கு ஒரு கல்

கோலாலம்பூரின் செந்தூல் பக்கத்தில் எங்கள் தாமான் (குடியிருப்பு) பூங்காவில் ஒரு நினைவுக்கல் வைக்க அனுமதி கிடைப்பதற்குள் 14 மாதங்கள் ஓடிவிட்டன. மனு எழுதியது ஒரே நாள் வேலை. மற்றதெல்லாம் அக்கம்பக்கத்தாரோடு பேசிக் கழிந்தது.

1943இல், ஜப்பானியர் ஆட்சியில், ரயில் பாதை போடுவதற்காகத் தோட்டத்திலிருந்து என் தாத்தாவைச் சயாமுக்கு, அதாவது இன்றைய தாய்லாந்துக்கு, ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர் திரும்பவில்லை. 415 கிலோமீட்டர் சயாம்–பர்மா ரயில் பாதையில் மாண்ட நம் தொழிலாளர்களுக்கு முழுப் பெயர்ப்பட்டியல்கூட இல்லை. அந்தப் பாதையோரத் தாய்லாந்து ஊரான காஞ்சனாபுரியில் நேச நாட்டுப் போர்க்கைதிகளுக்கு ஏறக்குறைய 7,000 கல்லறைகள், வரிசை வரிசையாக. அதைப் பார்த்துவிட்டு வந்தபின் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை.

முதலில் எதிர்த்தவர் நம்மவர்தான், மூன்றாம் மாடி அண்ணன். "தம்பி, இன்றைக்குக் கல் வைப்பீர்கள். நாளைக்கு ஒருவர் சூடம் ஏற்றுவார், மறுநாள் இன்னொருவர் சூலம் நடுவார். அப்புறம் இடிக்க வருகிறார்கள் என்று நாம்தான் தெருவில் நிற்க வேண்டும்." நான் வாயடைத்துப் போனேன். நடக்காததையா சொல்கிறார்? அடுத்த பிளாக் சீனப் பாட்டிக்கு வேறு கவலை: பிள்ளைகள் விளையாடுகிற இடத்துக்குச் செத்தவர்களைக் கூப்பிடலாமா?

நானோ நடுவில் உள்ள அங்சானா மரத்தடிதான் வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். ஓய்வுபெற்ற மலாய் ஆசிரியர் ஒருவர், ரயில் நிலையத்தருகே வெள்ளைக்காரர்கள் எழுப்பிய போர் நினைவுத்தூண் 1960களில் ஏரிப் பூங்காவுக்கு இடம் மாறிய கதையைச் சொன்னார். இன்று அது 1966இல் திறந்த தேசிய நினைவுச் சின்னத்தின் பக்கத்தில் நிற்கிறது. "அதுவே நகர்ந்தது. உங்கள் கல் வாசல் பக்கம் நகரக் கூடாதா?" என்றார். கோபத்தோடு வீடு திரும்பினேன். இரவு யோசித்தால் அவர் பக்கம்தான் நியாயம் இருந்தது.

மறு ஞாயிறு வாசல் அறிவிப்புப் பலகைக்கு அருகே நான்கு குச்சிகளை நட்டு, ராஃபியா கயிற்றைச் சுற்றிக் கட்டினேன். மூன்றடிக்கு இரண்டடி. இதை முதல் மாதமே செய்திருக்க வேண்டும். "இவ்வளவுதானா?" என்று பாட்டி கேட்டார். அண்ணன் மட்டும் குனிந்து குனிந்து பார்த்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: கல்லின் மேல்பகுதி சரிவாக இருக்க வேண்டும், அகல் விளக்கு நிற்கவே கூடாது. வரைபடத்தை அப்படியே திருத்திக் கொடுத்தோம். போன வாரம் அனுமதிக் கடிதம் வந்தது.

கல் இன்னும் வரவில்லை. முன்னிரண்டு குச்சிகளைப் பிள்ளைகள் கால்பந்து கோல் கம்பமாக்கிக்கொண்டார்கள்.