எங்க ஊர் டெங்கு கொசுல வொல்பாக்கியா இருக்குன்னு ஆறு வாரம் நம்பிட்டிருந்த கதை

எம்எஸ்சி கடைசி வருஷ ப்ராஜெக்ட்டுக்கு எல்லாரும் மூலிகைச் சாறு, மண்ணுல பாக்டீரியான்னு போனப்ப நான் மட்டும் கொசுன்னு சொல்லிட்டேன். எங்க ஊர் குலசேகரம் பக்கம், சுத்தி ரப்பர் தோட்டம், மழை விட்டு வெயில் அடிச்சா ரப்பர் மரத்துல கட்டின சிரட்டையில எல்லாம் தண்ணி நிக்கும், அதுல நெளியுற புழுவ சின்ன வயசுலேர்ந்து பாத்து பழகினவ நான். அதனால இது ஈஸியா முடிஞ்சுடும்னு நெனச்சேன்.

விஷயம் என்னன்னா, வொல்பாக்கியான்னு ஒரு பாக்டீரியா, பூச்சிங்க செல்லுக்குள்ளயே குடியிருக்கும், வெளிய எடுத்து சாதா மீடியத்துல வளக்க முடியாது. 1924லயே க்யூலெக்ஸ் கொசுல பாத்துட்டாங்க. தாய்கிட்டருந்து முட்டை வழியா பிள்ளைக்குப் போகும், அப்பன் வழியா போகாது. வொல்பாக்கியா இருக்கிற ஆண், இல்லாத பெண்ணோட சேந்தா முட்டை பொரியாது, ஆனா பெண்ணுக்கும் அதே வகை இருந்தா, ஆணுக்கு அது இருந்தாலும் இல்லாட்டியும் பொரியும். அதனால ஊருக்குள்ள விட்டா அதுவா பரவிக்கும். முக்கியமா டெங்கு வைரஸ் கொசுக்குள்ள பெருகுறத இது அடக்கிடும். இந்தோனேசியாவுல யோக்யகர்த்தாவுல பெரிய ட்ரையல் நடத்தி, விட்ட ஏரியாவுல டெங்கு 77 சதவீதம் கம்மின்னு 2021ல பேப்பர் வந்துச்சு. நம்ம பக்கத்துல பாண்டிச்சேரியிலயும் ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) ஆளுங்க இந்தியக் கொசுலயே இத ஏத்தி 2022ல அறிவிச்சாங்க.

இதுல ஒரு வேடிக்கை இருக்கு. டெங்குவுக்கு மெயின் ஆளான ஈடிஸ் எஜிப்தில இது இயற்கையா இருக்காதுங்கறது பொதுவான கருத்து, அதனாலதான் லேப்ல முட்டைக்குள்ள ஊசி போட்டு ஏத்துறாங்க. ஆனா அதோட பங்காளி ஆல்போபிக்டஸ்ல இயற்கையாவே இருக்கு, அதுவும் ரெண்டு வகை. ஆல்போபிக்டஸ் எங்க ரப்பர் தோட்டத்துக் கொசு, எஜிப்தி வீட்டுப் பக்கத்துக் கொசு. ரெண்டும் கலந்து கெடக்கிற ஊர்ல எஜிப்திய பிடிச்சு டெஸ்ட் பண்ணுறதுதான் என் வேலை. இல்லைன்னுதான் வரும்னு எல்லாருக்கும் தெரியும், "ஒரு ஏரியாவோட பேஸ்லைன்", அதாவது இப்போதைய நிலவரம், அப்படின்னு என் கைடு மேடம் தலைப்பு குடுத்தாங்க.

கொசு வந்து முட்டை போடுறதுக்காக கறுப்பு பிளாஸ்டிக் கப்புல பாதி தண்ணி ஊத்தி, உள்ள ஒரு துண்டு ஃபில்டர் பேப்பர சுத்தி வச்சு வீடு வீடா குடுத்தேன். ஒரு ஆச்சி, "கொசுவ கொல்ல மருந்து அடிக்க வருவாவன்னு பாத்தா, நீ வளக்கவா வந்த மக்களே?"ன்னு கேட்டுட்டு அடுத்த நாளே தண்ணிய கொட்டி கப்ப கழுவி கவுத்து வச்சுட்டாங்க. அவங்க சொன்னதும் நியாயம்தானே, டெங்கு நோட்டீஸ்ல அதத்தான சொல்லியிருக்கு.

முட்டை எப்படி இருக்கும்னா, பேப்பர்ல பேனா முனையால பொடிப்பொடியா குத்தின மாதிரி, அவ்ளோதான். காய வச்சா மாசக்கணக்கா தாங்கும். கொதிக்க வச்சு ஆறின தண்ணில போட்டா ஆக்சிஜன் கம்மியா இருக்குன்னு சட்டுன்னு பொரிச்சிடும், இந்த விஷயம் தெரியாம நான் முதல் ரெண்டு பேட்ச குழாத்தண்ணில ஊற வச்சு மூணு நாள் பாத்துக்கிட்டே உக்காந்திருந்தேன். புழுவுக்கு சாப்பாடு நாய் பிஸ்கட்டும் ஈஸ்ட்டும் பொடிச்சு. கொஞ்சம் கூடப் போனா தண்ணி மேல படலம் கட்டி நாறி எல்லாம் செத்துப்போகும்.

வளந்த பெண் கொசு முட்டை போட ரத்தம் வேணும், அத குடுக்கிறதுதான் பெரிய கூத்து. கைய கூண்டுக்குள்ள விட்டுடலாமேன்னு கேட்டேன், மேடம் ஒரே மொறை. வெளிய எடுத்த முட்டை, வைரஸ் தாய்கிட்டருந்தே வந்திருக்கலாம், கைய விடவே கூடாது. அதனால காலைல ஆறு மணிக்கு கறிக்கடை, ஆட்டு ரத்தத்த ஃப்ளாஸ்க்ல வாங்கி அங்கயே கண்ணாடிக் குச்சியால பத்து நிமிஷம் கலக்கணும், இல்லன்னா உறைஞ்சுடும். கடை அண்ணன் முதல் நாள் ஒரு மாதிரியா பாத்தாரு, அடுத்த வாரம் அவரே கலக்கி வச்சிருந்தாரு. அப்புறம் பாராஃபில்ம்ங்கற மெழுகுப் படலத்த இழுத்து மெல்லிசாக்கி கண்ணாடி ஃபீடர்ல கட்டி, சுத்தி வெந்நீர் ஓட விட்டு சூடா வைக்கணும். அப்படியும் எங்க மகாராணிங்க வரல. லேப் சீனியர் அண்ணா வந்து அந்த ஃபில்ம கட்டுறதுக்கு முன்னாடி தன் முழங்கைல நல்லா தேச்சு குடுத்தாரு, ரெண்டு நிமிஷத்துல எல்லாம் வந்து உக்காந்து வயிறு சிவப்பா உப்பிடுச்சு. மனுஷ வாடைதான் வேணும் அதுங்களுக்கு.

சரி, டெஸ்டுக்கு வரேன். கொசுவ முழுசா அரைச்சு டிஎன்ஏ எடுத்து, வொல்பாக்கியாவோட மேல்தோல் புரதத்து ஜீன பிசிஆர்ல (டிஎன்ஏவ நகல் எடுத்து பெருக்குற முறை) பெருக்கி, ஜெல்லுல ஒவ்வொரு கொசுவுக்கும் ஒரு லேன்னு விட்டு கரண்ட்ல ஓட்டணும். இருந்தா 600 பேஸ் பக்கத்துல ஒரு கோடு வரும். ஆல்போபிக்டஸ் பாசிட்டிவ் கன்ட்ரோல், அதுல கோடு வந்தே ஆகணும்; வெறும் தண்ணி நெகட்டிவ் கன்ட்ரோல், அதுல வரவே கூடாது. ரெண்டாவது ஜெல்ல யூவி லைட்ல வச்சு பாக்கிறேன், என் எஜிப்தில மூணு லேன்ல கோடு! தண்ணி லேன் சுத்தமா கறுப்பா இருக்கு. கை நடுங்கிடுச்சு. அன்னைக்கு ராத்திரி அம்மாகிட்ட ஃபோன்ல "உலகத்துலயே யாரும்..."னு ஆரம்பிச்சேன், அம்மா "சாப்பிட்டியா"ன்னு கேட்டாங்க.

மேடம் சந்தோஷமே படல. கோயம்புத்தூர் கொசுலயே இப்படி இருக்குன்னு 2019ல ஒரு பேப்பர் வந்திருக்கு, அடுத்த வருஷமே ஆஸ்திரேலியால ஒரு குழு, பிசிஆர் கோட மட்டும் வச்சு இத ஒத்துக்க முடியாது, தாய் வழியா பிள்ளைக்குப் போகுதான்னு காட்டணும், டெட்ராசைக்ளின்ங்கற ஆன்டிபயாடிக் குடுத்தா வொல்பாக்கியா அழியுதான்னு பாக்கணும், திசுல கண்ணால பாக்கணும்னு எழுதியிருக்காங்க, ரெண்டையும் படிச்சுட்டு வான்னாங்க. ஏன்னா இது சும்மா விஷயம் இல்ல, ஊர்ல இருக்கிற எஜிப்திக்கே ஏற்கனவே ஒரு வொல்பாக்கியா இருந்தா, புதுசா விடுற கொசுவோட சேரும்போது முட்டைக் கணக்கு மொத்தமா மாறிடும்.

நான் மனசுக்குள்ள திட்டிக்கிட்டே படிச்சேன். ஆறு வாரம் இன்னும் நெறைய டெஸ்ட் பண்ணேன், அப்பப்ப ஒன்னு ரெண்டு பாசிட்டிவ் வந்துக்கிட்டே இருந்துச்சு, நம்பிக்கை ஏறிக்கிட்டே போச்சு.

அண்ணாதான் ஒரு நாள் என் புழுத் தட்ட எட்டிப் பாத்துட்டு, "இதுல எத்தன வீட்டு முட்டை?"ன்னு கேட்டாரு. எல்லாந்தான்னு சொன்னேன். தட்டு பத்தலன்னு ஏரியாவுக்கு ஒரு தட்டுன்னு கலந்து போட்டிருந்தேன். ஆல்போபிக்டஸ் புழுவும் எஜிப்தி புழுவும் ஒரே தண்ணில, செத்தத இன்னொன்னு கொறிக்கும். போதாததுக்கு பறக்கிற கொசுவ உறிஞ்சி குழாய்க்குள்ள போட்டு குலுக்கினதுல முதுகு செதில் உதிர்ந்துபோச்சு. எஜிப்திக்கு முதுகுல யாழ் மாதிரி ரெண்டு வளைவு, ஆல்போபிக்டஸுக்கு நடுவுல ஒரே வெள்ளைக் கோடு, செதில் போனா ரெண்டுமே மொட்டை. நான் அந்த மொட்டைங்கள "எஜிப்தி மாதிரிதான் இருக்கு"ன்னு எழுதி வச்சிருக்கேன், நோட்புக்ல என் கையெழுத்துலயே இருக்கு.

முழு கொசுவையும் அரைச்சுட்டதால திரும்ப பாக்க உடம்பு இல்ல. நல்லவேளை மிச்ச டிஎன்ஏ இருந்துச்சு. எந்த இனம்னு காட்டிக்குடுக்கிற மைட்டோகாண்ட்ரியா ஜீன அதுல பெருக்கி, எழுத்து வரிசைய படிக்க சீக்வன்ஸிங் அனுப்பினோம். அனுப்பின பாசிட்டிவ் பதினொன்னுல எட்டு சுத்தமான ஆல்போபிக்டஸ். ரிசல்ட் மெயில பஸ்ல வச்சு திறந்தேன், இறங்க வேண்டிய ஸ்டாப்ப விட்டுட்டேன்.

மறுபடி முதல்லேர்ந்து. ஒரு வீட்டு முட்டைக்கு ஒரு தட்டு. ஒவ்வொரு பெண்ணையும் தனி குப்பில விட்டு முட்டை வாங்கி, அது பிள்ளைங்கள தனியா வளத்து, கால மட்டும் வெட்டி இனம் பாக்க, உடம்புல சினைப்பைய ஊசியால உருவி வொல்பாக்கியா பாக்க. சினைப்பை உப்புத் தண்ணில மிதக்கிறப்ப குட்டி திராட்சைக் கொத்து மாதிரி அழகா இருக்கும், முதல் பத்து தடவை அத கிழிச்சுத் தொலைச்சேன். வளந்த எஜிப்தி எல்லாத்துலயும் நெகட்டிவ். ஒன்னு விடாம.

தீசிஸ்ல "கண்டறியப்படவில்லை"ன்னு ஒரே வரி. வைவால வந்தவரு அந்த வரிய விட்டுட்டு தட்டு கலந்த கதையப் பத்தியே அரை மணி நேரம் கேட்டாரு.

மிச்சம் மூணு ட்யூப் எஜிப்தின்னே வந்துச்சுல்ல, அதுல மங்கலா கோடு ஏன் வந்துச்சுன்னா தட்டுத் தண்ணிதான் காரணமா இருக்கணும், புழு தின்னதோட டிஎன்ஏவா இருக்கும், இல்லன்னா மேல ஒட்டினதா இருக்கும். அதுல வந்த வொல்பாக்கியா சீக்வன்ஸும் ஆல்போபிக்டஸோடதுதான். ஆனா அந்த மூணு கொசுவும் இப்ப இல்ல, நிரூபிக்க வழியில்ல. ட்யூப தூக்கிப் போடட்டுமான்னு கேட்டேன், மேடம் வேண்டாம்னாங்க. மைனஸ் 20 ஃப்ரீசர்ல இன்னும் கெடக்கு, மூடி மேல "எஜிப்தி"ன்னு எழுதி பக்கத்துல நானே போட்ட ஒரு கேள்விக்குறியோட.