எக்ஸ்பாக்ஸ் 360 நான்ட் ஃப்ளாஷ்: பிழை வந்தால் எங்கிருந்து தேடுவது?

ஆர்ஜிஹெச் என்பது ஒரு சிறு கிளிட்ச் சிப்பால் பிராசஸரை ஏமாற்றி, மைக்ரோசாஃப்ட் அனுமதிக்காத மென்பொருளை ஓடவைக்கும் மாற்றம். அதைச் செய்த எக்ஸ்பாக்ஸ் 360, நான்ட் ஃப்ளாஷ் மெமரி சிப்பில் எழுதிய பிறகு கிளம்பவில்லை என்றால், எல்லோரும் முதலில் சந்தேகப்படுவது எழுதிய ஃபைலை. நான் முதலில் கேட்பது வேறு: எழுதுவதற்கு முன் டம்பை, அதாவது சிப்பில் உள்ளதன் முழு நகலை, எத்தனை முறை எடுத்தீர்கள், அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போனதா?

நான்ட் சிப்பில் சிஸ்டம் மென்பொருள் மட்டும் இல்லை. கீவால்ட் என்ற 16 கிலோபைட் பகுதியும் அதில்தான் இருக்கிறது. டிவிடி டிரைவை அந்த போர்டோடு சேர்த்துக் கட்டும் சாவி, கன்சோலின் சீரியல் எண் எல்லாம் அதற்குள் அடக்கம். ஒவ்வொரு பெட்டிக்கும் அது தனி. அழிந்துபோனால் வேறு யாரிடமும் வாங்க முடியாது. அதனால் நல்ல டம்ப் கைக்கு வரும்வரை எழுதும் பட்டன் பக்கமே போகக் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுப்பதே இல்லை.

முதலில் ஒயரிங். மதர்போர்டிலிருந்து புரோகிராமருக்கு (சிப்பைப் படித்து எழுதும் யூஎஸ்பி கருவி) 7 ஒயர்: எஸ்பிஐ-க்கு (தரவு போய்வரும் இணைப்பு) நான்கு, எஸ்எம்சி-யை (பவரைக் கவனிக்கும் சிறு கன்ட்ரோலர்) நிறுத்தி வைக்க இரண்டு, கிரவுண்ட் ஒன்று. நீளம் 15 சென்டிமீட்டரைத் தாண்ட வேண்டாம். பவர் அடாப்டர் செருகியிருக்க வேண்டும், அதன் விளக்கு ஆரஞ்சாக இருக்க வேண்டும், கன்சோலை ஆன் செய்யக் கூடாது. கம்ப்யூட்டரில் யூஎஸ்பி ஹப்பைத் தவிர்த்து நேரடி போர்ட்டில் செருகுங்கள்.

படிக்கத் தொடங்கியதும் ஜே-ரன்னர் என்ற கம்ப்யூட்டர் மென்பொருள் முதலில் காட்டுவது ஃப்ளாஷ் கான்ஃபிக் என்ற எட்டு இலக்க எண். மதர்போர்டு வகையைப் பொறுத்து அது மாறும். ஸெனான், ஸெஃபிர், ஃபால்கன் போர்டுகளில் 01198010. 16 எம்பி ஜாஸ்பரிலும் ட்ரினிட்டியிலும் 00023010. 16 எம்பி கொரோனாவில் 00043000. எல்லாம் பூஜ்யமாக வந்தாலோ, ஃப்ளாஷ் கன்ட்ரோலரே இல்லை என்று மென்பொருள் சொன்னாலோ, சிப் செத்துவிட்டது என்று பதற வேண்டாம். அடாப்டர் செருகவில்லை, கிரவுண்ட் விட்டுப்போயிருக்கிறது, அல்லது இரண்டு ஒயர் இடம் மாறியிருக்கிறது. பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்றுதான். ஒவ்வொரு முறையும் வேறு வேறு எண் வந்தால் சால்டர் சரியாகப் பிடிக்கவில்லை, இல்லையென்றால் ஒயர் நீளம். 4 ஜிபி கொரோனா வேறு கதை. அதில் இருப்பது இஎம்எம்சி என்ற வேறு வகை மெமரி. இந்த 7 ஒயரால் படிக்க முடியாது, எஸ்டி கார்டு ரீடர் வழியாகத்தான் படிக்க வேண்டும்.

எண் சரியாக வந்தால் இரண்டு டம்ப் எடுத்து ஒப்பிடுங்கள். 16 எம்பி சிப்பின் டம்ப் சரியாக 1,73,01,504 பைட் இருக்க வேண்டும். ஒரு பேஜுக்கு 512 பைட் தரவு, கூடவே ஈசிசி-யும் (பிழை திருத்தும் குறியீடு) பிளாக் எண்ணும் தாங்கும் 16 பைட். அப்படி 32 பேஜ் சேர்ந்தது ஒரு பிளாக், மொத்தம் 1024 பிளாக். அளவு மட்டும் போதாது. ஹெக்ஸ் எடிட்டரில் திறந்து பாருங்கள்: முதல் வரி எஃப்எஃப் 4எஃப் என்று தொடங்கும், அதற்கு அடுத்து மைக்ரோசாஃப்ட்டின் பதிப்புரிமை வரி படிக்கும்படியாகவே தெரியும். அது தெரியாமல் ஃபைல் முழுக்க ஒரே பைட் ஓடினால் அது டம்பே இல்லை.

படிக்கும்போது 250 என்ற பிழை எண்ணோடு சில பிளாக்குகள் பெயர் சொல்லி வரும். இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். இரண்டு டம்பிலும் அதே பிளாக்குகள் வந்தால் அவை உண்மையான பேட் பிளாக். நான்ட் சிப் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே ஒன்றிரண்டு இருப்பது சகஜம், பயப்பட ஒன்றுமில்லை. முதல் முறை ஒரு பிளாக், அடுத்த முறை வேறொரு பிளாக் என்று மாறி மாறி வந்தால் சிப்பில் குறை இல்லை. ஒயரை எடுத்துவிட்டு மறுபடி சால்டர் செய்யுங்கள். ஒப்பிடும்போது கெட்ட பிளாக்குகளில் மட்டும் வித்தியாசம் வந்தால் ஏற்றுக்கொள்ளலாம். மற்ற இடத்தில் ஒரு பைட் மாறினாலும் மூன்றாவது டம்ப் எடுத்தே ஆக வேண்டும்.

பேட் பிளாக்கின் தரவு கடைசி 32 பிளாக்குகளில், 1023-இல் தொடங்கிக் கீழ்நோக்கி, இடம் மாற்றி வைக்கப்படுகிறது. எழுத வேண்டிய இமேஜை உருவாக்கும் எக்ஸீபில்ட் என்ற மென்பொருள் இதை உங்கள் டம்பைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறது. பழுதான டம்பைக் கொடுத்தாலோ, வேறு கன்சோலின் டம்பைக் கொடுத்தாலோ, இடமாற்றம் தப்பாகிவிடும். எழுதும்போது எந்தப் பிழையும் வராது. திரையில்தான் ஈ79 வந்து நிற்கும், அதாவது சிஸ்டம் ஃபைல்களைப் படிக்க முடியவில்லை. அந்த நேரத்தில் கிளிட்ச் சிப்பைக் கழற்றி மாட்டுவது வீண் வேலை. கர்னல் கிளம்பியதால்தான் அந்த எண்ணே திரைக்கு வந்தது.

அடுத்து ஸெல் எழுதுவது. கன்சோலின் சிபியு கீயைத் திரையில் காட்டும் சிறு நிரல் அது. அதை அடக்கிய ஈசிசி ஃபைல் 13,51,680 பைட், அதாவது முதல் 80 பிளாக்குகள் மட்டும். நான்ட்ப்ரோ என்ற கட்டளை மென்பொருளில் இதற்குக் கூட்டல் குறியோடு எழுதும் கட்டளை. முழு இமேஜுக்குக் கழித்தல் குறி. இரண்டையும் மாற்றிக் கொடுத்தால் ஒவ்வொரு பேஜிலும் உள்ள அந்த 16 பைட் தப்பாகிப்போகும், ஸெல் வராது. ஜே-ரன்னரில் இரண்டுக்கும் தனித்தனி பட்டன் உண்டு. 256 அல்லது 512 எம்பி ஜாஸ்பரில், நான்ட்ப்ரோ கட்டளையில் சிப் அளவாக 16 என்று கொடுக்கும் இடத்தில் 64 கொடுக்க வேண்டும். பேட் பிளாக் முதல் 80-க்குள் விழுந்தால் கண்டுகொள்ளாமல் தாண்டிவிடாதீர்கள்: ஈசிசி ஃபைலிலிருந்து அந்த ஒரு பிளாக்கை மட்டும் பிரித்தெடுத்து, கடைசிப் பகுதியில் அதற்குரிய மாற்று பிளாக்கில் எழுத வேண்டும்.

எழுதியதும் அந்த 80 பிளாக்கைத் திரும்பப் படித்து ஃபைலோடு ஒப்பிட்டுவிடுங்கள். ஒத்துப்போன பிறகும் ஸெல் வரவில்லை என்றால் ஃப்ளாஷை மறந்துவிட்டு கிளிட்ச் சிப்பின் விளக்கைப் பாருங்கள். விட்டு விட்டு மின்னுகிறது, ஆனால் கிளம்பவில்லை என்றால் கிளிட்ச் சிப்பில் ஏற்றிய டைமிங் ஃபைல் அல்லது ரீசெட் ஒயர்தான் காரணம். மின்னவே இல்லை என்றால் போஸ்ட் ஒயர் (பிராசஸர் கிளம்பும் நிலையைச் சொல்வது) அல்லது மின்சாரத்தில் கோளாறு, அல்லது கிளிட்ச் சிப் புரோகிராம் ஆகவில்லை.

ஸெல் காட்டும் சிபியு கீ, கீவால்ட்டைத் திறக்கும் சாவி, 32 இலக்கம். திரையைப் பார்த்துக் கையால் எழுதினால் 8-க்கும் பி-க்கும் குழப்பம் வரும். ஒரு இலக்கம் தப்பினாலும் கீவால்ட் திறக்காது, எக்ஸீபில்ட் அங்கேயே நின்றுவிடும். லேன் கேபிள் செருகி, ஸெல் காட்டும் ஐபி முகவரியை பிரவுசரில் திறந்து அப்படியே காப்பி செய்வதுதான் பாதுகாப்பு.

பவர் பட்டனை அழுத்தினாலும் அசைவே இல்லாத நிலையும் வரலாம். எஸ்எம்சி-யின் நிரலும் நான்ட்டில்தான் இருக்கிறது; அது கெட்டால் பெட்டி ஆன் ஆகாது. அப்போதும் எஸ்பிஐ வேலை செய்யும். அடாப்டரைப் பிடுங்கி சற்றுப் பொறுத்து மறுபடி செருகி, ஃப்ளாஷ் கான்ஃபிக் வருகிறதா பாருங்கள். வந்தால் பழைய டம்பைக் கழித்தல் குறியோடு முழுமையாக எழுதுங்கள். எல்லாம் சரியாகி, கேம் ஓடும்வரை அந்த 7 ஒயரைக் கழற்ற வேண்டாம்.